நேற்று பார்த்த மருத்துவர் எங்கே?

உள்நோயாளிகள் பிரிவில் காலைச் சுற்று வரும்போது, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உறவினர்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நேற்று பார்த்த டாக்டர் எங்கே?” அதில் கவலை இருக்கிறது, சில வேளைகளில் கோபமும் இருக்கிறது. தம் தந்தையின் நிலையை முழுதாக அறிந்த ஒருவர் போய்விட்டார், இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், இடையில் ஏதேனும் விடுபட்டுவிடுமோ என்ற அச்சம் அது. நியாயமான அச்சந்தான். அதற்கு நேர்மையான விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருங்கச் சொன்னால், நேற்று பார்த்தவர் உறங்கப் போயிருக்கிறார். அவர் உறங்குவது உங்கள் நோயாளிக்கும் நல்லது. ஆனால் அவர் போகும்முன் தாம் அறிந்தவற்றை அடுத்தவரிடம் முறையாக ஒப்படைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக நடந்தால்தான் மருத்துவமனை பாதுகாப்பான இடமாகும்.

ஒரு பாம்புக்கடி, எத்தனை கைகள்?

தர்மபுரி மாவட்டத்தில் வயல்வேலை செய்வோருக்குப் பாம்புக்கடி புதிய செய்தியன்று. ஒரு குழு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டும் இல்லை.

மாலையில் வரப்பில் நடந்த ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டியதாக வைத்துக்கொள்வோம். 108 ஊர்தியின் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் அவரைக் கொண்டுவந்து சேர்க்கின்றனர். அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் கடிவாயையும் மூச்சையும் நாடித்துடிப்பையும் பார்க்கிறார். செவிலியர் சிறிதளவு இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடங்கள் அசையாமல் வைக்கிறார். குழாயைச் சாய்க்கும்போது இரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். பெரிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. கடிகாரமும் பொறுமையும் ஒழுங்கும் போதும்.

அடுத்து நச்சுமுறி மருந்து செலுத்தப்படுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஒரே மருந்து அது. குதிரைகளின் உடலில் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து அதைத் தயாரிக்கின்றனர். அதற்கு வேண்டிய நஞ்சை நெடுங்காலமாக வழங்கிவருவது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது அது. நம் மாவட்டத்து உழவர் ஒருவர் உயிர் பிழைப்பதில், அவர் ஒருநாளும் பார்த்திராத ஓர் இருளரின் கைத்திறனுக்கும் பங்குண்டு.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் செவிலியர் நோயாளியின் அருகிலேயே நிற்பார். சிலருக்கு அம்மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கும். உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சு இறுகும், இரத்த அழுத்தம் சரியும். அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவர் குரல் கொடுத்த நொடியில் மருந்து நிறுத்தப்பட்டு, அட்ரினலின் ஊசி போடப்பட வேண்டும். “டாக்டர் வரட்டும், பிறகு சொல்லலாம்” என்று அவர் தயங்கினால் இழப்பு நோயாளிக்குத்தான்.

நச்சுமுறி மருந்து கொடுத்து 6 மணி நேரம் ஆனதும் அதே இரத்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அப்போதும் இரத்தம் உறையவில்லை என்றால் மேலும் மருந்து தேவைப்படும். மாலை 5 மணிக்கு மருந்து பெற்றவருக்கு இரவு 11 மணிக்கு அச்சோதனை வரும். அதற்குள் மருத்துவர் மாறியிருப்பார், செவிலியரும் மாறியிருப்பார். “11 மணிக்கு இரண்டாம் சோதனை” என்ற ஒரு வரி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கும், கேஸ் ஷீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்றால், அதுவரை எல்லாரும் செய்த நல்ல வேலை வீணாகிவிடலாம்.

அதன் பின்னர் சிறுநீரின் அளவு குறைந்தால் டயாலிசிஸ் பிரிவு வரும். கட்டுவிரியன் கடியாக இருந்து இமைகள் தொங்கி மூச்சுத்தசைகள் தளர்ந்தால், மயக்கவியல் மருத்துவரும் செயற்கைச் சுவாசக் கருவியும் வர வேண்டும். ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர், கட்டிலைத் தூய்மையாக வைக்கும் பணியாளர் எனக் கணக்கிட்டால் ஒரு நோயாளியைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பர். உங்களுக்குத் தெரிவது வெள்ளை அங்கியில் ஒருவர் மட்டுமே.

களைத்த மருத்துவர் ஆபத்தான மருத்துவர்

“அவர் இரவு முழுதும் விழித்திருந்து பார்த்தார்” என்பதை நாம் புகழ்ச்சியாகச் சொல்கிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. ஆய்வுகள் வேறு செய்தியைச் சொல்கின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்யப்பட்ட ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பணியாற்றும் பழைய முறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தவர்களைவிட 36 விழுக்காடு மிகுதியாகக் கடுமையான பிழைகளைச் செய்தனர் என்று அது காட்டியது. இரு முறைகளிலும் ஆட்கள் ஒரே தரத்தினர். அறிவிலோ அக்கறையிலோ குறை இல்லை. உறக்கம் மட்டுமே குறைந்திருந்தது.

களைப்பு ஒரு நாள் உறக்கத்தோடு நீங்கிவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் பணிச்சுமை வேறொரு நிலைக்குக் கொண்டுபோகும். அதனைப் பணிச்சோர்வு என்கிறோம். ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் 1974ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் கிறிஸ்டினா மாஸ்லாக் இதனை அளக்கும் முறையை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், இதனை நோய் என்று கொள்ளாமல், பணியிடத்தில் தீர்க்கப்படாத நெருக்கடியால் எழும் நிலை என்று வரையறுத்துள்ளது. இதற்கு அடையாளங்கள் மூன்று: உடலும் உள்ளமும் வற்றிப்போதல், பணியின் மீதும் மனிதர்கள் மீதும் பற்று விலகிப்போதல், தான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஊறுதல்.

இரண்டாம் அடையாளத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரை “12ஆம் எண் கட்டில்” என்று மட்டும் பார்க்கத் தொடங்கும் மருத்துவர், முகம் பார்க்காமல் மருந்து எழுதும் மருத்துவர், கேள்வி கேட்டால் சீறும் மருத்துவர் ஆகியோரை நீங்கள் எங்கேனும் சந்தித்திருக்கலாம். அவர் இயல்பிலேயே கடுமையானவர் என்று எண்ணியிருப்பீர்கள். அவர்களுள் சிலர் ஒரு காலத்தில் மிகவும் பரிவு காட்டியவர்கள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சீறுவது தவறே, அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் காரணத்தை அறிந்தால்தான் மருந்து கிடைக்கும். பணிச்சோர்வுக்கு மருந்து, அம்மருத்துவருக்கு அறிவுரை சொல்வதைவிட, அவரைச் சுற்றியுள்ள பணியமைப்பைச் சீர்செய்வதுதான்.

நம் நாட்டில் மைய அரசு 1992ஆம் ஆண்டில் வகுத்த விதி, பட்ட மேற்படிப்பு மருத்துவர்களின் பணி இயல்பாக வாரத்துக்கு 48 மணி நேரத்தையும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்கிறது. நோயாளிகள் மிகுந்தும் மருத்துவர்கள் குறைந்தும் இருக்கும் இடங்களில் அந்த விதி ஏட்டில் நின்றுவிடுவது உண்டு. இரவுப்பணி முடிந்த மருத்துவர் மறுநாள் புறநோயாளிகள் பிரிவில் அமர வேண்டியிருப்பதைப் பார்த்தால், அதை அவருடைய பெருமையாகக் கொள்ளாமல், சரிசெய்யப்பட வேண்டிய குறையாகக் கொள்ளுங்கள்.

சிட்லிங்கி சொல்லும் பாடம்

கடினமான சூழலில் மருத்துவர்கள் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் அரூர் வட்டத்திலேயே அது இருக்கிறது.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே அமைந்த பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளி என்னும் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கே வாழ்கின்றனர். மயக்கவியலில் பயிற்சி பெற்ற மருத்துவர் ரெஜி ஜார்ஜும், மகப்பேறு மருத்துவரான அவருடைய துணைவியார் லலிதாவும் 1993ஆம் ஆண்டில் அங்கே பணியைத் தொடங்கினர். இருவரும் கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். அப்போது சிட்லிங்கி மக்களுக்கு மிக அருகில் இருந்த மருத்துவமனை 48 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அறுவை சிகிச்சைக்குச் சேலம் போக வேண்டும். ஊர் மக்கள் எழுப்பித் தந்த ஒரு குடிசையே முதல் மருத்துவமனை. ட்ரைபல் ஹெல்த் இனிஷியேடிவ் என்ற பெயரில் அப்பணி வளர்ந்தது.

அந்நாளில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ ஏழு குழந்தைகளுக்கு ஒன்று. இரண்டு மருத்துவர்கள் இரவு பகலாகக் குடிசையில் அமர்ந்திருந்தாலும் இதனைத் தடுத்திருக்க இயலாது. ஏனெனில் அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவதற்கே வழியில்லாமல் இருந்தனர்.

அவர்கள் தேர்ந்த வழி, குழுவைப் பெரிதாக்குவது. அப்பகுதிப் பழங்குடிப் பெண்களையே செவிலியப் பணிக்குப் பயிற்றுவித்தனர். மகப்பேறு பார்ப்பது, குழந்தையின் எடை குறைவதைக் கண்டறிவது, அறுவை அரங்கில் உதவுவது என ஒவ்வொன்றாக அவர்கள் கற்றனர். ஊருக்கு ஒருவராக மூத்த பெண்களும் நலப் பணியாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கருவுற்ற பெண் யார், எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, எந்த வீட்டில் மூச்சுத்திணறல் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் சொல்லை மருத்துவர்கள் மதித்துக் கேட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தை இறப்பு எண்ணிக்கை 20ஐ ஒட்டிக் குறைந்தது. குடிசை இருந்த ஊரில் இன்று அறுவை அரங்கோடு கூடிய மருத்துவமனை நிற்கிறது. வேறு மருத்துவர்களும் அங்கு வந்து பணியாற்றுகின்றனர். நலம் என்பது மருந்தோடு முடிவதில்லை என்பதால் இயற்கை வேளாண்மைக் கூட்டமைப்பும், ‘போர்கை’ என்னும் லம்பாடிப் பெண்களின் கைத்தையல் அமைப்பும் அங்கே உருவாயின.

மலையடிவாரத்துக்குத் தனியாக அனுப்பப்படும் மருத்துவர் சில மாதங்களில் மாறுதல் கேட்பது நாம் அறிந்ததே. இவர்களோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே நிலைத்தார்கள். அவர்களுடைய மன உறுதி பெரியது, ஐயமில்லை. ஆனால் சுமையைப் பகிர்ந்துகொள்ளக் கற்றதும் முதன்மையான காரணம் என்றே நான் கருதுகிறேன். நள்ளிரவில் மகப்பேற்றுக்கு வரும் பெண்ணைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தேர்ச்சியோடு கவனிப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான், மருத்துவர் உறங்க முடியும். மறுநாள் எழுந்து பணியாற்ற முடியும். அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்க முடியும்.

ஒப்படைப்பு என்னும் மருத்துவம்

மருத்துவர்களின் பணிநேரத்தைக் குறைத்தால் ஒரு புதிய சிக்கல் எழும். ஒரு நாளில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். மாறும் ஒவ்வொரு முறையும் செய்தி சிந்திப்போக வாய்ப்புண்டு. ஆகவே ஓய்வும் ஒழுங்கான ஒப்படைப்பும் ஒன்றாகவே வர வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 9 குழந்தைகள் மருத்துவப் பயிற்சி மையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மருத்துவர் மாறும்போது, நோயின் கடுமை, நோயாளியின் சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டிய வேலைகள், எதிர்பாராதது நடந்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை ஒரே வரிசையில் சொல்வது. கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்வது. இதுவே அவர்கள் கொண்டுவந்த முறை. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடு குறைந்தன. ஒப்படைப்புக்கு முன்னைவிட மிகுந்த நேரமும் ஆகவில்லை.

அறுவை அரங்கிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட உலகின் 8 நகரங்களில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நிகழும் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன. அப்பட்டியலில் ஒரு வரி, அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது. கேட்பதற்கு எளிய சடங்குபோலத் தோன்றும். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்து பேசிய இளம் செவிலியர், பின்னர் ஏதேனும் தவறாகத் தெரிந்தால் மூத்த அறுவை மருத்துவரிடமும் “சற்று நில்லுங்கள்” என்று சொல்லத் துணிவார். மூத்தவரிடம் இளையவர் எதிர்த்துப் பேசலாகாது என்று வளர்க்கப்பட்ட நம் சமூகத்தில் இந்தப் பழக்கம் இன்னும் இன்றியமையாதது.

கோபம் வரும் இடம்

கவலையில் இருக்கும் குடும்பத்துக்குக் கோபம் வருவது இயல்பு. நோயாளி எப்படி இருக்கிறார் என்று யாரும் சொல்லாத மணிநேரங்களில்தான் அது பெரும்பாலும் வளர்கிறது. எங்கள் பக்கத்தில் திருத்த வேண்டியது அது. நல்ல செய்தி இல்லாவிட்டாலும், “இப்போது நிலை இது, அடுத்து எப்போது சொல்வோம்” என்று கூற ஒருவர் வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

கோபம் கையோங்கும் நிலைக்குப் போகும்போது எல்லாருக்கும் இழப்பு நேர்கிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் காக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் தனிச்சட்டம் உண்டு. ஆனால் சட்டம் தீர்க்காத ஒன்றும் உண்டு. அச்சத்தோடு பணியாற்றும் மருத்துவர், கடினமான நோயாளியைத் தாமே ஏற்றுச் சிகிச்சை செய்யத் தயங்கி வேறிடத்துக்கு அனுப்பிவிடும் எண்ணத்துக்கு ஆளாவார். பாதி வழியில் ஊர்தியில் கழியும் அந்த நேரம் இன்னொரு குடும்பத்தின் நோயாளிக்குரியது.

நீங்கள் செய்யக்கூடியவை

நோயாளியும் குடும்பத்தாரும் இக்குழுவின் உறுப்பினர்களே. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் எங்கள் பணி எளிதாவதோடு, உங்கள் நோயாளியின் பாதுகாப்பும் கூடும்.

1. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவர், எந்த நேரத்தில், என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதுங்கள். காலையில் தாயிடம் சொன்னது மாலையில் வரும் மகனுக்குத் தெரியாமல் போவதாலேயே பல குழப்பங்கள் எழுகின்றன.

2. குடும்பத்தில் ஒருவரைப் பேசுவதற்குப் பொறுப்பாக்குங்கள். அவர் மருத்துவரிடம் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அவர் ஊருக்குப் போனால், பொறுப்பை யாரிடம் விட்டுச்செல்கிறார் என்பதைச் செவிலியரிடம் சொல்லிச் செல்லட்டும்.

3. புதிய மருத்துவர் வந்தால், “நேற்றைய மருத்துவர் இன்று ஒரு சோதனை இருப்பதாகச் சொன்னார், அது எப்போது?” என்று கேளுங்கள். இது குறுக்கீடு அன்று. சிந்திப்போன செய்தி பல முறை இவ்வாறே மீட்கப்படுகிறது.

4. மருந்து ஒவ்வாமை, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை ஒவ்வொரு புதியவரிடமும் சலிக்காமல் சொல்லுங்கள். பழைய மருந்துச்சீட்டுகளை ஒரே பையில் கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து உட்கொண்டிருந்தாலும் மறைக்காதீர்கள்; யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

5. செவிலியரிடம் சொன்னால் மருத்துவரிடம் சொன்னதாகவே கொள்ளுங்கள். மூச்சு வேகமாவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது போன்ற மாற்றங்களை மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள்.

6. யாரேனும் கடுமையாகப் பேசினாலோ, செய்தி கிடைக்காவிட்டாலோ, பொறுப்புச் செவிலியரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ முறையிடுங்கள். அது எங்களைத் திருத்த உதவும்.

துணையிருப்போரும் ஓய்வெடுக்க வேண்டும்

இதுவரை மருத்துவர்களைப் பற்றிச் சொன்ன யாவும், வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்களுக்கும் பொருந்தும். பத்து நாட்களாக ஒரே மகள் தாயருகே விழித்திருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அவர் சரியாக உண்பதில்லை. தம் சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுகிறார். வீட்டில் விட்டுவந்த குழந்தைகளை நினைத்துக் கலங்குகிறார். பிறகு நாங்கள் சொல்லும் மருந்து அளவு அவர் மனத்தில் பதிவதில்லை. அக்கறை குறைந்ததால் அன்று, உடல் தாங்காததால் அவ்வாறு ஆகிறது.

முறை போட்டுக்கொள்ளுங்கள். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். மாறும்போது நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, “கடைசியாக மருந்து கொடுத்தது இத்தனை மணிக்கு, அடுத்தது இத்தனை மணிக்கு, கவனிக்க வேண்டியது இது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் செய்யும் ஒப்படைப்பும் இதுதான். சித்தப்பாவும் அத்தையும் ஊரிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றால், பழம் வாங்கி வரச் சொல்வதைவிட ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். மனச்சுமை மிகுந்து உறக்கம் வராமல், அழுகை அடங்காமல் இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். அது நோயாளிக்கு மட்டுமன்று. துணையிருப்போருக்கும், மருத்துவப் பணியாளர்களுக்கும் உரியது.

இனி காலைச் சுற்றில் புதியவர் ஒருவர் வந்து நின்றால், “நேற்று பார்த்த டாக்டர் உங்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார்?” என்று கேளுங்கள். ஒழுங்காக ஒப்படைப்புப் பெற்ற மருத்துவர் அதற்குத் தயங்காமல் விடை சொல்வார். தயங்கினால், அவர் கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்கவும் நேற்றையவரைத் தொலைபேசியில் அழைக்கவும் உங்கள் கேள்வி காரணமாகும்.